ட்ரோனா ஹெலிகாப்டரா, போலீஸ் முதல்ல எதை அனுப்பணும்?

அமெரிக்காவுல நிறைய ஊரு போலீஸ் இப்ப இந்தக் கேள்வியிலதான் நிக்குது. கலிஃபோர்னியாவுல மெக்சிகோ பார்டர் பக்கத்துல இருக்குற சூலா விஸ்டாங்குற ஊர்ல 2018 அக்டோபர்லேர்ந்தே 911ங்குற அவசர உதவி நம்பருக்கு வர்ற சில கால்களுக்கு மொட்டை மாடியிலேர்ந்து ட்ரோன் கிளம்பிடுது, பல தடவை கார் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்.

செலவு: ஹெலிகாப்டர் பல கோடி, பைலட், ஃப்யூல் எல்லாம் தனி. ட்ரோன் அதுல ஒரு சின்னத் துண்டுதான்.

நேரம்: ஹெலிகாப்டர் மணிக்கணக்கா சுத்தும். ட்ரோன் பேட்டரி அரைமணி தாங்குனா பெருசு, காத்து பலமா அடிச்சா அதுவும் இல்ல.

பதட்டம்: எனக்கு இதுதான் முக்கியம். தலைக்கு மேல ஹெலிகாப்டர் இரைஞ்சா ஏற்கனவே மிரண்டு நிக்குறவன் இன்னும் மிரளுவான். அதே சூலா விஸ்டாவுல ஒரு டாக்கோ கடை வாசல்ல ஒருத்தர் துப்பாக்கிய ஆட்டுறாருன்னு கால் வந்துச்சு, ட்ரோன்ல பாத்தா அதுலயே சிகரெட்ட பத்த வைக்குறாரு, அது லைட்டர்! அது தெரியாம போலீஸ் போய் எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பதறுது.

பிரைவசி: ரெண்டுமே மேலேர்ந்து பாக்கும், ஆனா ட்ரோன் தினமும் வீட்டுக் கொல்லைக்கு மேலயே பறக்குது. அது எடுக்குற வீடியோவ போலீஸ் ஜனங்ககிட்டேர்ந்து மொத்தமா மறைக்க முடியாதுன்னு 2023ல கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட்டே சொல்லிடுச்சு, சரியான தீர்ப்பு.

கார் சேஸிங், மலையில தொலைஞ்சவங்கள தேடுறதுன்னா ஹெலிகாப்டர். கையில என்ன வச்சிருக்காருன்னே தெரியாத ஆளுகிட்ட போறதுன்னா கண்ண மூடிக்கிட்டு ட்ரோன அனுப்புங்க.