காந்தம் ஒட்டாததெல்லாம் பித்தளை இல்லை: ஸ்டீம்பங்க் உடை செய்வோர் கவனத்துக்கு

ஸ்டீம்பங்க் (நீராவி இயந்திரக் காலத்துப் பாணியிலான கற்பனை அலங்காரம்) உடைக்கென்று "அசல் பழம்பொருள் செட்" விற்கும் ஓர் இணையக் கடையிடம் ஜாக்கிரதை. இதே மாதிரிச் சரக்கு பல கடைகளில் கிடைக்கிறது என்பதால் கடையின் பெயரை விடப் போலியின் அடையாளம் தெரிவதுதான் முக்கியம். செட்டில் பித்தளைப் பல்சக்கரங்கள், தோல் பெல்ட், காகிள்ஸ், "1885" என்று பொறித்த திசைகாட்டி என்று சொல்கிறார்கள். வருவதில் எதுவும் சொன்னபடி இல்லை.

பல்சக்கரங்கள் துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியவை. புகார் செய்தால், "காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டாது, பித்தளைதான்" என்று பதில் வரும். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது! ஓரத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் உண்மை தெரியும்: உள்ளேயும் மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் என்றால் துத்தநாகம். ஆனால் அரம் பட்ட பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்பது அவர்களின் அடுத்த பிடி. அதனால் முதலில் தண்ணீரில் சோதியுங்கள். 100 கிராம் சக்கரங்களை அளவுக் குவளையில் மூழ்கவிட்டால், பித்தளைக்கு நீர்மட்டம் சுமார் 12 மி.லி. ஏறும், துத்தநாகக் கலவைக்கு 15 மி.லி. பார்சல் பிரிப்பதிலிருந்து இந்தச் சோதனை முடியும்வரை வீடியோ எடுத்துவிடுங்கள்.

அலங்காரத்துக்குத்தானே என்று விடவும் முடியாது. பித்தளையில் சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயப்பற்று) ஓடிப் பிடிக்கும், இதில் சரியாகப் பிடிக்காது. கேஸ் டார்ச்சின் சுடரை வைத்தால் 400 டிகிரிக்குள் சக்கரமே உருகிவிடும். எபாக்சியால் ஒட்டினாலும், முலாமை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் முலாமோடு பெயர்ந்து வரும்.

அசல் பித்தளைக்குச் சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களைத் தேடுங்கள். பேட்டரி கடிகாரத்துக்குள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். பிரிக்கும் முன் ஸ்பிரிங்கின் முறுக்கை முழுக்கத் தளர்த்துங்கள், இல்லையென்றால் விரலைக் கிழித்துவிடும். முள்ளிலோ எண்களிலோ ஒளிர்பூச்சு இருந்தால் திறக்கவே வேண்டாம். 1960கள் வரை அதில் ரேடியம் சேர்த்தார்கள். ஒளி செத்துப்போனாலும் ரேடியம் அப்படியே இருக்கும், அதன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள்.

பெல்ட் வெறும் ரெக்சின். வெட்டிய ஓரத்தில் துணி இழை தெரியும். அதன் மேலுள்ள பாலியுரெத்தேன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பூச்சு ஈரக்காற்றில் தானாகவே சிதையும், பெட்டியில் சும்மா கிடந்தாலும்கூட. பழைய துணிக் கடையில் ஜாக்கெட் எடுக்கும்போதும் முழங்கையையும் காலரையும் மடித்துப் பாருங்கள். உரியத் தொடங்கியதற்கு மேலே பெயிண்ட் அடித்துப் பயனில்லை.

காகிள்ஸ், மெத்தென்ற பி.வி.சி. வெல்டிங் கண்ணாடிக்குச் செம்பு நிற ஸ்ப்ரே அடித்தது. பி.வி.சி.யை மென்மையாக்கும் எண்ணெய் பெயிண்டுக்குள் ஊறுவதால் பிசுபிசுப்பு ஒருநாளும் போகாது. ஹார்டுவேர் கடையில் கெட்டிப் பிளாஸ்டிக் வெல்டிங் கண்ணாடியாகப் பார்த்து வாங்கி, 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர், கறுப்பு, அதன்மேல் மெல்லிசாகச் செம்பு நிறம் என்று அடியுங்கள். கறுப்பு லென்ஸ் போட்டால் அரங்குக்குள் படிக்கட்டு தெரியாது. வட்ட லென்ஸ் வழக்கமாக 50 மி.மீ., அதே அளவில் நிறமில்லாததும் கிடைக்கிறது.

"1885" திசைகாட்டியில் பிலிப்ஸ் ஸ்க்ரூ (தலையில் கூட்டல் குறிப் பள்ளம் உள்ளது) இருந்தது. அந்த ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது! ரூர்க்கியில் செய்யும் நகல்கள் நன்றாகவே இருக்கும். நகல் விலைக்கு வாங்கினால் தப்பில்லை.

கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், வீடியோவையும் "அசல் பித்தளை" என்று எழுதிய விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஆர்டர் போடும் அன்றே எடுத்துவிடுங்கள், புகார் போனதும் அந்த வரியை மாற்றிவிடுகிறார்கள்.