நாடாவும் கொக்கியும்: பதினாறு வருட ஏப்ரன் அனுபவம்

போன மாத ஃப்ரீமேசன் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்ற நேரம் பார்த்து, சடங்குக்காக இடுப்பில் கட்டியிருந்த என் ஏப்ரன் கழன்று காலடியில் விழுந்தது. வெறும் ஆட்டுத்தோல் விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பக்கமும் ஏழேழு சங்கிலி தொங்குகிறதே, அது சலங்கையை உதறிய மாதிரி ஒலித்தது. பிரார்த்தனை நேரம் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மறுநாள் பை ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிராமாவுக்கா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பெல்ட்டை மாற்றி, கொக்கியை நெருக்கி, 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். இத்தனை வருடத்தில் இது மூன்றாவது பெல்ட்.

அதே வாரம் எங்கள் லாட்ஜில் (லாட்ஜ் என்றால் மேசன்களின் கிளை, டிகிரி என்றால் அதில் ஏறும் படி) புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணா, மூணாவது டிகிரி முடிஞ்சதும் சொந்தமா ஏப்ரன் வாங்கணுமாமே? இப்ப கட்டுற மாதிரி லாட்ஜ்ல இருக்கிறதையே கட்டிக்க முடியாதா?" இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். கோபம் இன்னும் ஆறாததால் இவ்வளவு நீளம்.

நான் மேசனாகச் சேர்ந்தது சென்னையில், 2009ல். மூன்றாவது டிகிரி முடித்து மாஸ்டர் மேசன் ஆனதும் சொந்த ஏப்ரன் வாங்கினேன். 2013ல் வேலைக்காக நியூ ஜெர்சி போய், அங்கே ஒன்பது வருடம் லாட்ஜின் பொதுப்பெட்டியில் கிடந்ததை எடுத்துக் கட்டினேன். 2022ல் திரும்பி வந்ததிலிருந்து மறுபடி பழைய ஏப்ரன்தான். ஆக, இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற தகுதியில் பேசுகிறேன். (ஆட்டோவில் ஏறி "லாட்ஜுக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லிவிடாதே, தம்பி. நான் சொல்லி, எழும்பூரில் ரூம் வாடகை எங்கே குறைச்சல் என்று ஒரு சொற்பொழிவு கேட்க வேண்டியதாயிற்று.)

நம் ஊர் வழக்கம் இங்கிலாந்து வழி வந்தது. முதல் டிகிரிக்கு வெறும் வெள்ளை, இரண்டாவதற்குக் கீழே இரண்டு நீலத் துணி ரோஜா, இவை இரண்டும் லாட்ஜ் கொடுப்பவை. சில மாதம்தான் கட்டப்போகிறோம், யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. மூன்றாவதில் வான நீலக் கரை, மூன்று ரோஜா, சங்கிலி எல்லாம் வரும். அதை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நான் இருந்த லாட்ஜில் கதை தலைகீழ். சேர்ந்த முதல் நாளே ஒரு வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரனைப் பரிசாகக் கொடுத்து, இது உன்னுடையது என்று சொல்லிவிடுவார்கள். அதைச் சுருட்டி ஒரு குழாயில் போட்டு வீட்டில் வைத்துவிட வேண்டியதுதான். கூட்டத்துக்குக் கட்டுவதெல்லாம் வாசல் அறைப் பெட்டியில் கிடக்கும் பருத்தித் துணி. பரிசாக வந்த தோல், ஆள் இறந்த பிறகு அவரோடு சவப்பெட்டிக்குள் போகும். எண்பது வயதைத் தாண்டிய பிரதர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஒருமுறை கட்டியாயிற்று. அடுத்தமுறை கட்டும்போது நான் படுத்திருப்பேன்."

இதை வீட்டில் சொன்னேன். "நம்மளை எரிக்கத்தானே போறாங்க, தோல் எரிஞ்சா நாறும், எழுதி வெச்சுட்டுப் போயிடாதீங்க" என்றாள் மனைவி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சொந்த ஏப்ரன் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நம் உடம்பு அறியும். மடிப்பு எங்கே விழும், ஓரம் எந்தப் பட்டனுக்கு நேரே வரும் என்று கை பார்த்துக்கொள்ளும், கண் வேண்டாம். ஒரு மூலையில் சின்னக் காபிக் கறை இருக்கிறது. அதைப் பார்த்தால் 2011ல் எந்த லாட்ஜுக்கு விருந்தினனாகப் போயிருந்தேன், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது வரை ஞாபகம் வரும். பொது ஏப்ரனிலும் கறை உண்டு. ஆனால் அது யாரோ ஒருவருடைய காபி.

ஏப்ரனைக் கௌரவமாகப் பார்ப்பது இந்த மண்ணில் இன்று நேற்று வந்ததில்லை. ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உம்ரா 1770களில் திருச்சியில் மேசனாகச் சேர்ந்தபோது, அந்தச் செய்தி லண்டன் வரை போய், அங்கிருந்த தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜ் அவருக்கு வாழ்த்துக் கடிதத்தோடு வேலைப்பாடு செய்த ஏப்ரன் ஒன்றையும் அழகாகப் பைண்டு செய்த விதிப் புத்தகத்தையும் அனுப்பிவைத்தது. அவர் பாரசீகத்தில் எழுதிய பதில் 1780ல் லண்டன் போய்ச் சேர்ந்தது. கப்பலில் ஆறேழு மாதம் பயணம் செய்து வந்த ஏப்ரன். அதன் நாடாவோ கொக்கியோ, எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று யோசிப்பேன். நவாப் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருப்பார்கள்.

எனக்கு ஆள் இல்லை. சென்னைக் காற்றில் ஆட்டுத்தோலை வைத்துக் காப்பாற்றுவது ஒரு தனி வேலை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரம் திறக்காமல் விட்டால் வெள்ளைத் தோலில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடிக்கும். சங்கிலி கருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் தோல் விறைக்கும், துடைக்காவிட்டால் மஞ்சள் பூக்கும். செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையெல்லாம் சேர்த்து ஏப்ரன் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை இருக்கும் அலமாரிதான் காற்றோட்டம் என்று ஒருமுறை அங்கே வைத்தேன். அம்மா கண்டுபிடித்து, "செத்த ஆட்டுத் தோலைக் கொண்டுபோய் கல்யாணப் புடவை மேல வெப்பியா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. ரெக்சினில் வாங்கலாமே என்பாய். வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மடிப்பில் வெடித்து, சுண்ணாம்பு உரிகிற சுவர் மாதிரி கறுப்புக் கோட்டெல்லாம் வெள்ளைத் துகள்.

வெளிநாட்டுப் பயணம் இன்னொரு தொல்லை. பெரும்பாலான அரபு நாடுகளில் மேசனரிக்குத் தடை. நான் நியூ ஜெர்சிக்குப் பெட்டி கட்டும்போது விமானம் வளைகுடா வழி. அங்கே காத்திருந்த மூன்று மணி நேரமும் கைப்பையில் இருந்த ஏப்ரனை நினைத்து ஒரு காபி கூட நிம்மதியாகக் குடிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

போன இடத்தில், கொரோனா வரும்வரை, அதை ஒரே ஒரு முறைதான் கட்டினேன். முதல் கூட்டத்துக்கு ஆசையாகக் கட்டிக்கொண்டு போனால், சுற்றிலும் வெறும் வெள்ளைத் துணி. நடுவில் நான் மட்டும் நீலக் கரையும் வெள்ளிச் சங்கிலியுமாக, கோயில் யானை மாதிரி. எந்த வருடம் மாஸ்டராக, அதாவது லாட்ஜ் தலைவராக, இருந்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டார்கள். அங்கே அலங்காரமான ஏப்ரன் என்றால் பதவியில் இருப்பவர், அல்லது இருந்தவர். சாதா உறுப்பினன் என்று மூன்று முறை விளக்கினேன். அடுத்த மாதம் பெட்டிக்குப் போய்விட்டேன்.

சரி, பெட்டி. வாசலில் வாளோடு காவல் நிற்கும் டைலரின் பொறுப்பில் இருக்கும் மரப்பெட்டி. (டைலர் வேறு, டெய்லர் வேறு. நாடா பிய்ந்த ஏப்ரனை அவரிடம் நீட்டி, தைத்துத் தருவீர்களா என்று கேட்டவனைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.) ஒரே துணி மூன்று டிகிரிக்கும் போதும். மேல் மடலைத் தூக்கிவிட்டால் முதல் டிகிரி, இறக்கிவிட்டு மூலையை மடிக்கிற விதத்தில் மற்றது. இதில் இருக்கும் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது. கோடீஸ்வரனும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரும் வரிசையில் வந்து கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். சமத்துவம் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அங்கே அது பெட்டிக்குள் கசங்கிக் கிடந்தது.

ஆனால் அந்த நாடா இருக்கிறதே. ஒன்பது வருடம் என்னை வாட்டியது அது ஒன்றுதான். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் விரல் அளவாகவும் இருக்கும். பின்னால் கொண்டுபோய் முன்னால் கட்டும் அளவுக்கு நீளம் இருந்தால் அன்று அதிர்ஷ்டம். இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் குருட்டாம்போக்கில் முடிச்சுப் போட வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். ஐம்பது வயது ஆள் இன்னொரு ஐம்பது வயது ஆளிடம் முதுகைக் காட்டி நிற்பது, பாவாடை நாடா கட்டிவிடச் சொல்லும் பிள்ளை மாதிரி. இதற்கென்றே சீக்கிரம் போய் நீள நாடாவாகப் பொறுக்குவேன். நீள நாடா இருந்ததெல்லாம் மஞ்சள் துணி, வெள்ளைத் துணிக்கெல்லாம் குட்டை நாடா. இது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

யார் துவைப்பது என்பது இன்னொரு கேள்வி. எல்லாருடைய ஏப்ரன் என்றால் யாருடைய ஏப்ரனும் இல்லை. ஒரு கோடையில் வாசம் பொறுக்க முடியாமல் நானே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முப்பத்தெட்டு ஏப்ரன், எழுபத்தாறு நாடா. மெஷினில் போட்டு எடுத்தபோது ஒரே உருண்டையாக, ஈடு சரியாகப் பிழியாத இடியாப்பம் மாதிரி வந்தது. மனைவியும் நானும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிரித்தோம். அவள் அன்று மேசனரி பற்றிச் சொன்ன கருத்துகளை லாட்ஜ் குறிப்பேட்டில் ஏற்ற முடியாது.

அந்த உருண்டையில் ஒரு ஏப்ரன் மட்டும் பிரியவே இல்லை. இரண்டு நாடாவும் சேர்ந்து ஒரு வளையமாக, நடுவில் கல் போன்ற முடிச்சு. யாரோ அவிழ்க்காமல், பேண்ட்டில் கால் விடுகிற மாதிரி கால் விட்டு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் கேட்டேன். விரல் மடங்காத ஒரு பெரியவர் அப்படிக் கட்டிக்கொண்டிருந்தாராம். நான் சேர்வதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். அந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. நானும் துவைத்து, அப்படியே இஸ்திரி போட்டு அடியில் வைத்தேன். அவசரத்துக்கு ஒருமுறை அதில் கால் விட்டு ஏற்றியும் பார்த்தேன். என் வாழ்நாளில் கட்டிய ஏப்ரன்களிலேயே இடுப்பில் கச்சிதமாக நின்றது அது ஒன்றுதான்.

கொரோனாவுக்குப் பிறகு 2021ல் மறுபடி கூடியபோது பெட்டியை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அவரவர் ஏப்ரனைக் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்களிடம் சொந்தமாக இருந்ததோ குழாயில் சுருட்டிய அந்தத் தோல் மட்டும். இருபது, முப்பது வருடமாகத் திறக்காதது. விரித்தால் விரியவில்லை, மறுபடி சுருண்டுகொள்கிறது. சாவுக்கு வைத்திருந்ததைச் சாவைத் தவிர்ப்பதற்காகக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் சங்கிலி ஏப்ரனை அன்று யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பெட்டி ஞாபகமாகவே இருந்தது.

திரும்பி வந்து நான்கு வருடமாகிறது. இங்கே எல்லாம் கொக்கிதான். பாம்பு மாதிரி வளைந்த எஸ் வடிவக் கொக்கி, மாட்டும்போது கிளிக் என்று ஒரு திருப்தி. எலாஸ்டிக் புதிதாக இருக்கும் முதல் ஒரு வருடம் சொர்க்கம். அப்புறம் அது தளரும், வயிறு தளராது. உட்காரும்போது இறுக்கும், எழும்போது பாம்பு வாயைத் திறக்கும். நாடா அசிங்கமாக இருந்தாலும் ஒருமுறை கூட அவிழ்ந்து விழுந்ததில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்த ஏப்ரன் வாங்கினால் அது அதோடு நிற்பதில்லை. பதவி ஏறினால் ரோஜா போய் வேறு சின்னம், அதற்கு மேலே போனால் அடர்நீலம், தங்க ஜரிகை. அடுக்கடுக்காகப் பெட்டிகள் சேரும். இணையத்தில் விற்கும் ஜரிகை வேலைப்பாடு ஏப்ரன்களில் நிறையச் சியால்கோட்டில் தைப்பது. பாகிஸ்தானில் மேசனரியே தடைசெய்யப்பட்டது, ஆனால் ஊசி அங்கேதான் ஓடுகிறது.

இவ்வளவும் படித்த பிறகு நான் பெட்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன் என்று நினைத்திருப்பாய். நானும் போன வாரம் வரை அப்படித்தான் நினைத்தேன். நேற்று புது பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். கிளிக். வாங்கிவிடு தம்பி, உண்மையான தோலாகவே வாங்கு. பெல்ட் அளவு மட்டும் கடையில் நின்றபடி பார்க்காதே. நாற்காலி கேட்டு உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார். அதற்கு மேலே இரண்டு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல். பை ரிப்பேர்காரர் நம்பர் வேண்டுமென்றால் கேள், ஆனால் டிராமாவுக்கு என்றே சொல்லிவிடு. நான் அப்படிச் சொல்லியாகிவிட்டது.