வயதான நாய்களைத் தத்துக் கொடுக்கும் காப்பகம்: எங்கள் வெள்ளச்சியைத் தந்த இடம்

காப்பகத்தின் பெயரை நான் எழுதவில்லை. அதை நடத்துகிற அம்மா கேட்டுக்கொண்டது. பெயரும் வழியும் பரவினால், விடிவதற்குள் கேட்டில் நாயைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் போட்டு மதிலுக்குள் இறக்கிவிடுகிறார்கள். இருக்கிற நாய்களுக்கே இடமும் ஆளும் பற்றாமல் நடக்கிற இடம். சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் பக்கம் என்பதோடு விடுகிறேன். அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். காப்பகத்துக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். அரை ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் 60 வயதைத் தாண்டியவர்கள். நான் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றேன். அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. குட்டி எடுத்தால் 12, 14 வருஷம் இருக்கும், அதன் கடைசி வரை எங்களால் பார்த்துக்கொள்ள முடியும் என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? வயதான நாய்தான் என்று முடிவு செய்துகொண்டே போனோம்.

போனவுடன் நாயைக் காட்டவில்லை. உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், தரை டைல்ஸா மொசைக்கா, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கீழே அழைத்துப் போக முடியுமா. அடுத்த வாரம் ஒரு பையன் வந்து வீட்டைப் பார்த்தான். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு இடைவெளியை அளந்தான். எதற்கு இவ்வளவு என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகுதான் வெள்ளச்சியைப் பார்த்தோம். ஸ்பிட்ஸ் வகை, தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு வீட்டில் பொமரேனியன் என்று வளர்த்தோமே, அதே வெள்ளைச் சடை நாய். பல்லைப் பார்த்து 11 வயதுக்கு மேல் என்றார்கள். கழுத்துப் பட்டையோடு ஒரு பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் கிடந்தாளாம். முடியெல்லாம் சிக்குப் பிடித்து, கர்ப்பப்பையில் சீழ் வைத்திருந்தது. கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்களுக்கு அடிக்கடி வருவது அது. கவனிக்காமல் விட்டால் உயிரை எடுத்துவிடும். அறுவை செய்து பிழைக்கவைத்தது காப்பகம்தான். யாரோ அவளைப் பத்து வருஷம் வளர்த்திருக்கிறார்கள். "உட்கார்" என்று கையைக் கீழே காட்டினால் இன்றைக்கும் உட்காருவாள். அந்தக் கையசைவைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு, நோய் வந்த பிறகு அவளை எப்படி விட்டுவிட்டுப் போக மனம் வந்தது?

அந்த அம்மா ஃபைலைத் திறந்து குறைகளைத்தான் முதலில் வாசித்தார். "காது சுத்தமா கேக்காது மேடம். பல்லு பாதி ஆடுது, வாய் நாறும். இதயத்துல ஒரு சத்தம் இருக்கு, இருமல் வரும். தொடப்பத்தைக் கண்டா பயத்துல ஒண்ணுக்குப் போயிடுவா. இவ்வளவும் தெரிஞ்சு எடுத்துக்கறீங்கன்னா எடுத்துக்கோங்க." எட்டு வயதுக்கு மேற்பட்ட நாய்க்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, முடியாமல் போனால் அங்கேதான் திருப்ப வேண்டும், வருஷம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

கிளம்பும்போது அங்கே சோறு வைக்கிற ஆயா ஆட்டோ வரைக்கும் வந்து சொன்னது எந்த ஃபைலிலும் இல்லாதது. "தூங்கறப்ப மேல கை வைக்காதீங்கம்மா, பயந்து கடிச்சிரும். பக்கத்துல தரையைத் தட்டுங்க, அதிர்வுல முழிச்சிக்கும். சோத்தை லேசா சுட வச்சு வைங்க, வாசனை வந்தாத்தான் திங்கும்." அவள் படுத்திருந்த பழைய புடவைத் துண்டைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்பினார். முதல் ராத்திரி புது மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தத் துண்டின் மேல் சுருண்டுதான் தூங்கினாள். ஆயாவுக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம்.

குறைக்கு வருகிறேன். கொடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை ஆறு மாதத்துக்கும் மேல் பழையது. வயதான நாய்க்கு ஆறு மாதம் என்பது நீண்ட காலம். எங்கள் மருத்துவர் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தட்டணுக்கள் குறைந்திருந்தன; உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்துச் சரியானது. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணி எந்த மாதமும் ஓய்வதில்லை. நாயை ஒப்படைப்பதற்கு முன்னால் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் போனை எடுக்க ஆள் இல்லை என்பது இன்னொரு குறை. புதிதாக எடுத்துப் போனவர்களுக்குச் சந்தேகமெல்லாம் ராத்திரியில்தான் வரும்.

பல்லுக்கு மயக்கம் கொடுத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. மயக்கம் தாங்குமா என்று பார்க்க முதலில் இதயத்தைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். வேப்பேரியில் 1903 முதல் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எக்கோ எடுத்தோம். விடிந்ததும் போய்ச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. இதய வால்வு தடித்துச் சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்றார்கள். சின்ன உருவ நாய்களுக்கு வயதானால் மிக அதிகமாக வரும் இதய நோய் இதுதானாம். ராத்திரி இருமலைக் கேட்டுத் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைக்கிறவர்கள் நிறைய. பிமோபெண்டான் மாத்திரை இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். உப்பு கூடாது. என் வீட்டுக்காரர் அப்பளம் பொரித்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். பல் வேலை வெளியே தனியார் மருத்துவரிடம், 14,000 ரூபாய். ஆடிய பற்களை எடுத்த பிறகுதான் அவள் வாலை முழுசாக மேலே சுருட்டிப் பார்த்தோம். வலியோடேயே அத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

மருத்துவர் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கத்தை எழுதிவிடுகிறேன், இதய நோய் உள்ள எந்த நாய்க்கும் உதவும். நாய் நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். 30க்குள் இருந்தால் பரவாயில்லை. தொடர்ந்து அதற்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், உடனே கூப்பிட வேண்டும். காலண்டர் தாளில் தினமும் எழுதிவைக்கிறோம். பக்கத்து வீட்டம்மா, "முடியாம கெடக்கே, ஒரு புரூஃபென் குடுங்களேன்" என்றார். மனிதர்களின் வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

கண்ணில் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்தோம். புரை இல்லை, வயதானால் லென்ஸ் இறுகுவதுதான், பார்வை ஓரளவு இருக்கிறது என்றார் மருத்துவர். டைல்ஸில் வழுக்கிக் கொண்டிருந்தாள். பாதத்து முடியை ஒட்ட வெட்டி, அவள் நடக்கிற வழியெல்லாம் அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளை வரிசையாகப் போட்டோம். வாசல் முதல் சமையலறை வரை இப்போது அது அவள் பாதை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் கம்பு ஊன்றி நடக்கப் போவார், கூடவே இவளும். இரண்டு பேரும் ஒரே வேகம். மருத்துவர் நடக்கச் சொல்லியும் கேட்காத மனிதர், இவள் வாசலில் போய் நின்று திரும்பிப் பார்த்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தீபாவளி ராத்திரி, தெருவே அதிரும்போது, காது கேளாத எங்கள் வெள்ளச்சி அவர் கால்மாட்டில் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

மருந்து, கோழி போட்ட சோறு, பரிசோதனை எல்லாம் சேர்த்து மாதம் 4,000 முதல் 5,000 ரூபாய் ஆகிறது. முடிவைப் பற்றியும் மருத்துவரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறோம். தானாகச் சாப்பிடுவது, தானாக எழுந்திருப்பது, எங்களைக் கண்டு வாலாட்டுவது, இதில் இரண்டு நின்றுபோனால் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அன்றைக்கு ஆயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போவதாக இருந்தால் காலை பத்து மணிக்குள் போங்கள், சோறு வைத்து முடிந்து ஆயா பேச நேரம் இருக்கும். புது ரத்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்துக் கொட்டகையையும் காட்டச் சொல்லுங்கள். வயதானவை அங்கேதான் இருக்கின்றன, முன்னால் குட்டிகளைப் பார்த்துவிட்டே எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். வீட்டில் பழைய பெட்ஷீட், புடவை இருந்தால் எடுத்துப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றும் காய்வதில்லை, எவ்வளவு கொடுத்தாலும் அவர்களுக்குத் தேவைப்படும்.