சேர்வராயன் மலைத் தண்ணிக்கு ஜிபியுவா, சிபியுவா, நாலு பழைய மெஷினா?

ஏற்காடு பக்கம் கருத்துச்சுன்னாலே எங்க வீட்ல திருமணிமுத்தாறு பேச்சு வந்துடும், அதனால மலையில விழுற மழை எந்தெந்த ஓடை வழியா சேலத்துக்குள்ள இறங்குதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டே பார்த்துடலாம்னு உக்காந்தேன். கணக்கைப் போட மூணு வழி: கிராபிக்ஸ் கார்டுல இருக்கிற ஜிபியு, கம்ப்யூட்டரோட மெயின் சிப்பான சிபியு, இல்லைன்னா நாலு பழைய மெஷினைச் சேர்த்து ஓட்டுறது. 2000ல விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார்ல அளந்த எஸ்ஆர்டிஎம் உயர டேட்டா இலவசமாவே கிடைக்குது, ஒரு டைல்ல, அதாவது வரைபடத்தோட ஒரு சதுரத் துண்டுல, 3601க்கு 3601 கட்டம், கிட்டத்தட்ட 1.3 கோடி.

முதல் வேலை, தண்ணி எந்தப் பக்கம் சரியுதுன்னு கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுத்தியிருக்கிற எட்டு கட்டத்தோட உயரத்தைப் பார்த்தா போதும், பக்கத்துக்காரன் கணக்கு முடியட்டும்னு காத்துக்கிட்டு நிக்க வேண்டாம். இதுல ஜிபியுவை அடிச்சுக்க ஆளே இல்லைங்க. என்விடியா கார்டுல 32 த்ரெட் (தனித்தனியா ஓடுற கணக்கு இழை) ஒரு கட்டா சேர்ந்து ஒரே கட்டளையைச் செய்யும், அதுக்கு வார்ப்னு பேரு, தறியில இருந்து எடுத்த பேர்தான், நம்ம அம்மாபேட்டை நெசவுக்காரங்க சொல்ற அதே பாவு. ஒரு இழை வேற வழி போனா மத்த இழையெல்லாம் நின்னுடும், ஆனா இந்தக் கணக்குல எல்லா இழையும் ஒண்ணாவே ஓடுது.

சிக்கல் ரெண்டாவது வேலையிலதான். ஒரு கட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு தண்ணி வந்து சேருதுன்னு சொல்லணும்னா அதுக்கு மேல இருக்கிற கட்டமெல்லாம் முதல்ல முடிஞ்சிருக்கணும். மலை உச்சியில லட்சக்கணக்கான கட்டம் ஒரே நேரத்துல ரெடியா நிக்குது, கீழ இறங்க இறங்க குறைஞ்சுக்கிட்டே வந்து கடைசியில ஒவ்வொரு ஆத்துக்கும் நாலஞ்சு கட்டம்தான் மிஞ்சுது, ஆயிரக்கணக்கான ஜிபியு கோர் (சிப்புக்குள்ள கணக்குப் போடுற பகுதி) சும்மா கிடக்குது. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967லயே இதைச் சொல்லிட்டார், பத்துல ஒரு பங்கு வரிசையா மட்டுமே நடக்கும்னா எத்தனை பிராசஸர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்ட முடியாது. இங்க எனக்கு சிபியுதான், ஒத்தையா ஓடுறதுல அதோட ஒரு கோர் ஜிபியு த்ரெட்டை விட ரொம்ப வேகம். ஒவ்வொரு கிளை ஓடையையும் ஒரு கோருக்குக் கொடுத்துட்டு, ஓடைங்க சேர்ற இடத்துல மட்டும் கூட்டிக்கலாம்.

சிபியுவுலயும் ஒரு குழியில விழுந்தேன். எட்டு த்ரெட்டோட கவுன்ட்டரையும் (எண்ணிக்கை வைக்கிற இடம்) மெமரியில ஒரே வரிசையில அடுத்தடுத்து வச்சதுல எல்லாம் ஒரே 64 பைட் கேச் லைன்ல, அதாவது சிபியு மெமரியை மொத்தமா எடுத்து வைக்கிற ஒரே துண்டுல, மாட்டிக்கிட்டு, ஒரு கோர் எழுதுறப்பல்லாம் மத்த கோர் அந்தத் துண்டைத் திரும்ப வாங்க வேண்டியதாகி, ஒத்த த்ரெட்டை விட மெதுவா ஓடுச்சு, தள்ளித் தள்ளி வச்சப்புறம்தான் சரியாச்சு.

நாலு பழைய மெஷினை லேன்ல (வீட்டு நெட்வொர்க் கேபிள்ல) கோர்க்கிறது? ஒரு டைலுக்கு வேண்டவே வேண்டாம். மொத்த டேட்டாவே 26 எம்பிதான், ஜிகாபிட் லேன்ல நொடிக்கு 125 எம்பி போனாக்கூட அனுப்புற நேரத்துக்குள்ள ஜிபியு சரிவை முடிச்சுடும், அதுக்கு மேல ஆறு ஒரு மெஷினோட எல்லையைத் தாண்டுற இடத்துலெல்லாம் அடுத்த மெஷின் காத்திருக்கணும். இப்ப அந்த நாலுக்கும் ஆளுக்கொரு மழை அளவைக் கொடுத்துட்டேன், மலை முழுக்க ஒரே மழை, ஏற்காட்டுல மட்டும் மழை, இப்படி. ஒண்ணோட ஒண்ணு பேச வேண்டிய அவசியமே இல்ல, காலையில நாலு விடையும் தயாரா இருக்கு.