ஆறு வருடம் ஆபீசுக்குப் போட்ட நகைகள்: எது நின்றது, எது கறுத்தது

போன ஞாயிற்றுக்கிழமை பீரோவை ஒழித்தபோது பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கையில் வந்தது. உள்ளே ஒற்றைத் தோடுகள் மட்டும் பதினொன்று. ஜோடிகள் எங்கே போயின என்பது என் ஹெல்மெட்டுக்குத்தான் தெரியும்.

2019ல் வேலைக்குச் சேர்ந்தேன். மேடவாக்கத்தில் வீடு, பெருங்குடியில் ஆபீஸ், ஸ்கூட்டர் பயணம். அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் டிசைன் இல்லாத காட்டன் குர்திகள். நீலம், சாம்பல், கடுகு மஞ்சள், மறுபடியும் நீலம். துவைக்கவும் அயர்ன் செய்யவும் சுலபம்தான், ஆனால் புதன்கிழமை வருவதற்குள் யூனிஃபார்ம் போட்ட களை வந்துவிடும். துணி வாங்கிக் குவிப்பதற்குப் பதில் நகையை மாற்றிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்ததுதான் இது.

முதலில் செய்த தப்பு, கழுத்துக்குச் செலவு செய்தது. நீளமான மணிமாலை, பெரிய டாலர் வைத்த கறுப்புக் கயிறு என்று நாலைந்து வாங்கினேன். ஆபீசுக்குள் நுழைந்ததும் அடையாள அட்டையின் பட்டை நாடா அதன் மேலேயே வந்து உட்காரும். மத்தியானத்துக்குள் இரண்டும் பின்னிக்கொள்ளும். ஒருநாள் கதவில் அட்டையைத் தட்டுவதற்காக இழுத்தபோது மாலை அறுந்து, மணியெல்லாம் லிஃப்ட் வாசலில் உருண்டது. அன்றோடு கழுத்தை விட்டுவிட்டேன். இப்போது மெல்லிய செயின் ஒன்று மட்டும், அதுவும் சட்டைக்குள்ளே.

வளையலும் ஒத்துவரவில்லை. சிதம்பரம் போயிருந்தபோது சித்தி வாங்கிக் கொடுத்த கவரிங் வளையல் நல்ல மினுமினுப்பு. செம்பின் மேல் மெல்லிய தங்க முலாம்தானே? லேப்டாப் விளிம்பில் மணிக்கட்டு உரசும் இடத்தில் எட்டு மாதத்தில் செம்பு எட்டிப் பார்த்தது. அதே செட்டில் விசேஷத்துக்கு மட்டும் போட்ட இரண்டு இன்றும் புதிது போல இருக்கின்றன. குறை கவரிங்கில் இல்லை, நான் அதை தினமும் டைப் அடிக்க வைத்ததில்தான்.

ஆக, காதுதான். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது இது இன்னும் உறுதியானது. வீடியோ மீட்டிங்கில் தெரிவது முகமும் காதும் மட்டும். மேலே ஜிமிக்கி, கீழே நைட்டி.

காதிலேயே என்னென்னவோ பார்த்துவிட்டேன். பட்டுநூல் சுற்றிய ஜிமிக்கி எந்த நிறத்துக்கும் கிடைக்கும், எடையே தெரியாது. ஆனால் சென்னை வியர்வைக்கு மூன்று மாதம்தான். காதை ஒட்டிய நூல் அழுக்கேறி, பூனை நக்கிய மாதிரி ஆகிவிடும். டெரகோட்டா, அதாவது சுட்ட களிமண் தோடு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாம்பல் குர்திக்கு செங்கல் நிறத் தோடு ஒன்று போட்டால் அந்தக் குர்தியே புதிதாகத் தெரியும். நன்றாகச் சுட்டது மழையில் கரையாது. நான் வாங்கியதில் மேலே அடித்த பெயிண்ட்தான் உரிந்தது. பாத்ரூம் டைல்ஸில் விழுந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது.

எடை விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். 'வெயிட்டே இல்லைம்மா' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு காதுக்கு 7 கிராம் வரை நாள் முழுக்கத் தாங்கும். 12 கிராம் ஜிமிக்கி ஒன்று இருக்கிறது. மூன்று மணிக்குமேல் காது மடல் சிவந்து, ஒன்றைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவேன். டப்பாவில் கிடக்கும் ஒற்றைகளில் பாதி இப்படி வந்ததுதான்.

அரிப்புக்கு வருவோம். மலிவான தோடுகளில் கொக்கியிலும் தண்டிலும் நிக்கல் கலந்திருப்பது சாதாரணம். வியர்வை பட்டால் அது கசியும், ஒத்துக்கொள்ளாத காது புண்ணாகும். எனக்கு 2020ல் ஒருமுறை நீர் வடிந்து, ஓட்டை தூர்ந்துவிடுமோ என்று பயந்தே போனேன். தண்டில் நெயில் பாலிஷ் அடித்துப் பார்த்தேன், நாலு நாள் வந்தது. அப்புறம்தான் வழி கிடைத்தது: 92.5 வெள்ளிக் கொக்கிகள் தனியாகவே கிடைக்கின்றன. சின்னக் குறடு ஒன்றால் பழைய கொக்கியை விரித்துக் கழற்றி வெள்ளிக் கொக்கியை மாட்டிவிட்டால், நூறு ரூபாய்த் தோடும் காதுக்குப் பகை இல்லை.

என் பட்டியலில் முதலிடம் 2021ல் சௌகார்பேட்டையில் வாங்கிய, டிசைன் எடுத்துக் காட்ட வேண்டுமென்றே கறுப்பேற்றிய வெள்ளி ஜிமிக்கிக்கு. ஜோடி 14 கிராம், 1,800 ரூபாய். வாங்கிய அன்று அம்மா, 'ஏன்டி, துருப்பிடிச்சதைக் காசு குடுத்தா வாங்கின?' என்றாள். வாரம் இரண்டு நாள் வீதம் நாலு வருடத்தில் ஏறத்தாழ 400 தடவை போட்டிருப்பேன். தடவைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை. நீல குர்தி, சுங்குடிப் புடவை, கடுகு மஞ்சள், எதற்கும் மறுப்பே சொல்லாது. கலம்காரி மாதிரி துணியே நிறையப் பேசும்போது மட்டும் அதை வீட்டில் விட்டுவிட்டு ஒற்றைக்கல் தோடு போடுகிறேன்.

92.5 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி நகைக்குத் தாங்காத அளவு மிருதுவானது என்பதால் இந்தக் கலப்பு. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். தினமும் குப்பைக் கிடங்குப் பக்கமாகப் போவதால்தான் என்னுடையது சீக்கிரம் கறுக்கிறதோ என்று ஒரு சந்தேகம், நிரூபிக்க வழியில்லை.

சாதா வெள்ளிக்கு, கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடாவும் வெந்நீரும் விட்டு நகையைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் கறுப்பு போய்விடும், லேசாக அழுகின முட்டை வாடை வரும். இந்த உற்சாகத்தில் இன்னொரு கறுப்பேற்றிய ஜோடியையும் உள்ளே போட்டேன். மயிலின் இறகு வரிகளில் இருந்த கறுப்பெல்லாம் கழன்று, வெளுத்துப்போன மயில் ஒன்று வெளியே வந்தது. மயில் என்று சொன்னால்தான் தெரியும். கறுப்பேற்றியதையும் முத்தோ ஒட்டிய கல்லோ உள்ளதையும் இதில் போடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத கவரில் வைத்தால் போதும்.

தங்கத்தில் ஒரே ஒரு ஜோடி, 18 கேரட் சின்னத் தோடு, 1.6 கிராம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பது கடைக்குப் போய்த்தான் தெரிந்தது. பில்லில் கேரட்டும் எடையும் செய்கூலியும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டேன். ஹெட்செட் போட்டு நாள் முழுக்கப் பேச வேண்டிய நாட்களுக்கு இதுதான். ஜிமிக்கி என்றால் மைக்கில் மோதி, எதிர்முனையில் இருப்பவர், 'அங்க ஏதும் பூஜை நடக்குதா மேடம்?' என்று கேட்பார்.

ஹெல்மெட்டைக் கழற்றும்போது தோடும் கூடவே கழன்று வருவதற்கு மட்டும் இன்றுவரை வழி இல்லை. அதனால் வீட்டில் ஜிமிக்கி போடுவதையே நிறுத்திவிட்டேன். பழைய குங்குமச் சிமிழில் போட்டு சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன். பார்க்கிங்கில் ஹெல்மெட்டைக் கழற்றி, ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்து மாட்டிக்கொள்வேன். போன வாரம் அவசரத்தில் மேலே போய்விட்டேன். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அக்கா படியேறி வந்து, 'வண்டி மேலயே ஒண்ணு கெடந்துச்சும்மா' என்று நீட்டினார்.