கடத்தல் வழக்கைப் பின்தொடர எது சரி: கோர்ட் பெஞ்சா, செய்தியா, தீர்ப்பு நகலா?

கண்ணால் பார்த்த சாட்சி இல்லாத ஒரு கடத்தல் வழக்கு. நமக்கு அதில் யாரும் சொந்தமில்லை, ஆனாலும் என்ன ஆகிறது என்று கடைசிவரை தெரிஞ்சுக்கணும். அதற்கு மூன்று வழிதான்: நேரில் போய் உட்காருவது, செய்தியிலும் யூடியூபிலும் தொடர்வது, தீர்ப்பு வந்ததும் நகலை முழுசாகப் படிப்பது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு பின்வரிசை பெஞ்சுக்குத்தான், அடுத்தது தீர்ப்பு நகல், செய்தி ரொம்பப் பின்னால்.

வசதி, நேரம், அலைச்சல் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நேரில் போவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். போகிற நாளெல்லாம் வழக்கு நடக்காது, வாய்தா போட்டுவிடுவார்கள், சாட்சி வரமாட்டார், அரசு வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பார். இந்தக் கணக்கில் செய்திதான் ஜெயிக்கும், சந்தேகமில்லை.

ஆனால் சந்தர்ப்ப சாட்சியத்தை, அதாவது நேரில் பார்த்தவர் இல்லாமல் சுற்றியுள்ள சூழ்நிலைகளை மட்டும் நம்பி நிற்கிற வழக்கில் ஒரே ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அது குறுக்கு விசாரணை, ஒரு தரப்பு கொண்டுவந்த சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டுச் சோதிப்பது. 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகளை வகுத்தது. அது கொலை வழக்கு, ஆனால் சந்தர்ப்ப சாட்சியம் வருகிற எல்லா வழக்கிலும் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக முழுசாக நிரூபிக்கப்படணும், எல்லாம் சேர்ந்து விட்டுப்போகாத சங்கிலியாக இருக்கணும், குற்றவாளி இவர்தான் என்பதைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் அதில் இடம் இருக்கக்கூடாது. அப்படியென்றால் ஒவ்வொரு கண்ணியும் தாங்குமா தாங்காதா என்பதுதான் மொத்த வழக்கும். அதை இழுத்துப் பார்க்கிற இடம் குறுக்கு விசாரணை மட்டும்தான்.

செல்போன் கம்பெனியின் நோடல் அதிகாரி, அதாவது போன் பதிவுகளைப் பற்றிக் கம்பெனி சார்பில் பேசுகிறவர், சாட்சி சொல்ல வந்த ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வக்கீல் கேட்கிற முதல் விசாரணை சப்பென்று போனது. அழைப்புப் பட்டியலைக் காட்டினார்கள், சான்றாவணமாகக் குறித்தார்கள், எதிரியின் (கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவரின்) போன் அந்த நேரத்தில் சம்பவ இடத்து டவரில் இருந்தது என்றார், முடிந்தது. அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த டவர் எவ்வளவு தூரத்துக்கு எடுக்கும்? சில கிலோமீட்டர் வரும். அந்தத் தூரத்துக்குள் எந்தத் தெருவில் போன் இருந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. சிம் யார் பெயரில் இருக்கிறது? வேறொருவர் பெயரில். போன் அந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீதிபதி ஒவ்வொரு பதிலையும் தட்டச்சருக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல, காலையில் இரும்பு மாதிரி தெரிந்த கண்ணி என் கண் முன்னாலேயே இளகியது. மறுநாள் செய்தியில் வந்தது 'டவர் பதிவில் சிக்கினார்' என்ற ஒரு வரிதான். பொய் இல்லை, முதல் பாதி மட்டும்.

கடைசியாக ஒன்றாகப் பார்த்த சாட்சியிடமும் இதையே கவனிக்கலாம். கடத்தப்பட்டவரை எதிரியோடு பார்த்தேன் என்பது பெரிய விஷயமில்லை. எத்தனை மணிக்குப் பார்த்தார், அதற்குப் பிறகு எவ்வளவு நேர இடைவெளி, அதற்குள் வேறு யாரும் வந்திருக்க வாய்ப்பு உண்டா, இதில்தான் கனம் இருக்கிறது. அந்த இடைவெளி நீள நீள கண்ணி பலவீனமாகும். பணம் கேட்டுக் கடத்திய வழக்கானால் இன்னொன்றும் உண்டு. தெலங்கானாவில் இருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது: கடத்தியதும் பணம் கேட்டதும் மட்டும் போதாது, கொல்வேன் காயப்படுத்துவேன் என்ற மிரட்டலோ, அந்தப் பயத்தை உண்டாக்கும் நடத்தையோ நிரூபிக்கப்பட்டால்தான் பணம் கேட்டுக் கடத்துவதற்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 364ஏ நிற்கும். அது நிரூபணமாகாததால் தண்டனையை வெறும் கடத்தல் பிரிவுக்கு மாற்றினார்கள். இது தெரிந்த பிறகு, போனில் என்ன வார்த்தை பேசப்பட்டது என்று கடத்தப்பட்டவரின் அப்பாவிடமோ அம்மாவிடமோ கோர்ட்டில் கேட்கும்போது நாமும் நிமிர்ந்து உட்காருவோம்.

செய்தியின் இன்னொரு பெரிய சிக்கல், அது நீதிபதிக்குத் தெரியக்கூடாததையும் நமக்குச் சொல்லிவிடும். கைதான அன்றைக்கே 'பரபரப்பு வாக்குமூலம்' வந்துவிடும், எப்படித் திட்டம் போட்டார், எங்கே அடைத்து வைத்தார் என்று பத்தி பத்தியாக. போலீசாரிடம் கொடுத்த அந்த வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகச் சட்டப்படி நிரூபிக்க முடியாது. அதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டியிருக்கிற பகுதி மட்டும் உள்ளே வரும். முன்பு இது சாட்சியச் சட்டம் 27ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 23ஆவது பிரிவு. ஆக, செய்தி படித்தவர் ஒரு வழக்கைப் பார்க்கிறார், நீதிபதி இன்னொரு வழக்கைப் பார்க்கிறார். விடுதலை என்று தீர்ப்பு வந்தால் ஊரே கொதிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 2015இல் திருச்செங்கோடு கோயிலில் இருந்து ஓர் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், அன்று அவரோடு இருந்த தோழியே பிறழ் சாட்சியானார், அதாவது அரசுத் தரப்பு சாட்சியாக வந்து அந்தத் தரப்புக்கு மாறாகப் பேசினார். அன்றைய தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு வழக்கே முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் கோயில் சிசிடிவி பதிவு உள்ளிட்ட மற்ற கண்ணிகள் நின்றன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் இருவருக்குத் தண்டனையைக் குறைத்து, மற்றவர்களுக்கு ஆயுளை உறுதி செய்தார்கள்.

இந்த வழக்குக்கு நான் நேரில் போனதில்லை, தீர்ப்பு வழியாகத்தான் தெரியும். அதனாலேயே தீர்ப்பு நகலுக்கு இரண்டாம் இடம் தருகிறேன். எந்தக் கண்ணியை ஏன் ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று காரணத்தோடு எழுதியிருக்கும், பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக்கூட அது கிடைக்காது. முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய் சாட்சிகள், சான்றாவணங்கள் பட்டியலைப் பாருங்கள், பிறகு முன்னால் வாருங்கள், சட்டென்று பிடிபடும். குறை என்னவென்றால், முடிவு தெரிந்துகொண்டே படிக்கிறோம், எல்லாம் அந்த முடிவை நோக்கியே போவது போலத் தெரியும். சாட்சி எங்கே தயங்கினார் என்பதும் எழுத்தில் வராது.

நேரலை கைகொடுக்குமா என்று கேட்பீர்கள். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பரில் இருந்து நேரலையில் வருகின்றன, சில உயர் நீதிமன்றங்களிலும் உண்டு. சாட்சி விசாரணை நடப்பதோ செஷன்ஸ் நீதிமன்றத்தில். அங்கே கேமராவை எதிர்பார்க்காதீர்கள்.

நேரில் போவதென்றால் கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் செயலியில், அந்த வழக்குக்கென்றே தரப்பட்ட 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு அடுத்த தேதியையும் அன்றைக்கு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லா நாளும் போக முடியாது என்றால் மகஜர் சாட்சி (போலீசார் பொருளைக் கைப்பற்றியபோது உடனிருந்து கையெழுத்துப் போட்டவர்), நோடல் அதிகாரி, புலனாய்வு அதிகாரி ஆகியோரின் குறுக்கு விசாரணை நாட்களை விடாதீர்கள். குடும்பத்தார் அழுகிற நாளுக்குக் கூட்டம் வரும், புலனாய்வு அதிகாரி நாளுக்குப் பெஞ்ச் காலியாக இருக்கும், அவருடைய குறுக்கு விசாரணையில்தான் மொத்தச் சங்கிலியும் ஒரே இடத்தில் வருகிறது. போனை அணைத்துவிடுங்கள், பதிவு செய்யாதீர்கள், வெளியே காத்திருக்கும் சாட்சிகளிடம் உள்ளே நடந்ததைப் பேசவே பேசாதீர்கள். அது வழக்கையே கெடுக்கும்.

திறந்த நீதிமன்றம் என்பது சட்டமே சொல்வதுதான், இடம் இருக்கும்வரை பொதுமக்கள் உட்காரலாம். ஆனாலும் நீதிபதி வெளியே போகச் சொல்லலாம், சொன்னால் போய்விட வேண்டும். நான் உட்கார்ந்ததெல்லாம் சாதாரண செஷன்ஸ் நீதிமன்றங்களில். பெரிய புலனாய்வு அமைப்புகளின் சிறப்பு நீதிமன்றங்களில் வாசல் கெடுபிடி வேறு மாதிரி இருக்கலாம். கடத்தப்பட்டது குழந்தையாக இருந்து போக்சோவும் (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) சேர்ந்திருந்தால் விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். அந்த வழக்குகளுக்கு நான் இவ்வளவு நேரம் பேசிய பெஞ்சே கிடையாது. அப்போது தீர்ப்பு வரும்வரை காத்திருங்கள், இடையில் குழந்தையை அடையாளம் காட்டும் எந்தச் செய்தியையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.