முன் பட்டை படுத்துவிட்டதா? அடித்து வாங்குவதா, புது செட் போடுவதா?

பதினைந்து வருடம் ஓடிய டாடா 1613 லாரியில், முன் அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் பட்டை (வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு, லீஃப் ஸ்பிரிங்) வளைவு இழந்து முன்பக்கம் உட்கார்ந்துவிட்டால் பட்டறையில் மூன்று யோசனை சொல்வார்கள். பட்டையைக் கழற்றி வளைவை அடித்து ஏற்றலாம், ஒரு பட்டை கூடுதலாகச் செருகலாம், அல்லது செட்டையே மாற்றலாம். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாணியாக இருக்கும் கிங்பின்னுக்கும் இதே மாதிரி, அதைச் சுற்றியுள்ள உறையான புஷ் மட்டுமா, முழு செட்டா என்ற கேள்வி வரும். பட்டையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்பது என் அனுபவம். கிங்பின்னில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அதற்கு முன், கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். ஸ்டியரிங் உதறலுக்கு நான் ஒருமுறை பட்டை வேலை பார்த்துப் பணம் செலவழித்தேன். உதறல் நிற்கவில்லை. தேய்ந்திருந்தது கிங்பின்.

காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் டேப்பில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பட்டை படுத்திருக்கிறது, அல்லது உள்ளே ஒன்று உடைந்திருக்கிறது. அப்புறம் சக்கரத்தை நேராக வைத்து, முன் ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை இரு பக்கமும் அளக்கவும். இதில் வித்தியாசம் வந்தால் பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்து, பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். பட்டை நல்ல நிலையில் இருந்தால் போல்ட்களை மாற்றினாலே போதும்.

கிங்பின்னுக்கு, அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டேங்கில் காற்று இருக்கும்போதே கிளீனரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின்னோ புஷ்ஷோ போயிருக்கிறது.

சரி, பட்டைக்கு வருவோம். அடித்து வாங்குவதுதான் செலவு குறைவு, அதனால்தான் எல்லோரும் முதலில் அதைக் கேட்கிறோம். ஆனால் புதுப் பட்டை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். எஃகைச் சிவக்கச் சூடாக்கி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். கடைசியாகப் பொடி இரும்புக் குண்டுகளை வேகமாக வீசி மேற்பரப்பை இறுக்குகிறார்கள். சீக்கிரம் வெடிப்பு விடாமல் காப்பது அந்த இறுக்கம். பட்டறையில் சூடாக்காமல் பச்சையாக அடிக்கும்போது வளைவு திரும்புகிறது, பதம் திரும்புவதில்லை. சுத்தியல் தடம் விழுந்த இடத்திலிருந்தே பிறகு வெடிப்பு கிளம்பும். நம்மூர்க் கொல்லர்கள் அரிவாளுக்கு லாரிப் பட்டையைத் தேடி வாங்குகிறார்களே, அவர்கள் அதை உலையில் வைத்து வடித்துப் புதிதாகத் தோய்ச்சல் போடுகிறார்கள். அதனால் அரிவாள் நிற்கிறது. அரியலூர் சிமென்ட் லோடுக்குப் போன என் வண்டியில் அடித்து வாங்கிய பட்டை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

உள்ளூரில் லேசான நடைக்கு மட்டும் ஓடும் வண்டி, அல்லது சீக்கிரம் கைமாறப்போகிற வண்டி என்றால் அடித்துப் போடலாம். அதுவும் கீழ்ப் பட்டைகளை மட்டும். முனையில் கண் (பின் நுழையும் வளையம்) உள்ள மெயின் பட்டை படுத்திருந்தால் புதுசுதான் போட வேண்டும்.

கூடுதல் பட்டை செருகுவது முன் அச்சில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத வழி. உயரம் கிடைக்கும், ஆனால் குலுக்கலை எல்லாம் பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின்னும் சேசிஸும் டிரைவர் முதுகும் வாங்கும். யூ போல்ட் நீளம் பற்றாமல் நட் அரை மரையில் நிற்கும். 2018ல் முன் அச்சுக்கான அனுமதி எடை 6 டன்னிலிருந்து 7 டன் ஆனதைச் சொல்லி, பழைய வண்டிக்கும் பட்டை ஏற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பட்டை ஒன்று கூடியதால் அச்சும் கிங்பின்னும் பிரேக்கும் பலமாகிவிடாது.

நெடுந்தூரம் லோடு ஓட்டுகிறவருக்குப் புது செட்தான் சரி. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் புதுப் பக்கம் தூக்கி நிற்கும். யூ போல்ட், சென்டர் போல்ட், ஷேக்கிள் பின், புஷ் எல்லாம் அதோடு புதுசாகப் போகட்டும். ஒரே ஒரு பட்டை மட்டும் உடைந்து மற்றவை நன்றாக இருந்தால், அதே அகலம், அதே கனத்தில் ஒன்றை மாற்றி ஓட்டலாம். பட்டையில் மிச்சம் பிடிக்கலாம் என்றேனே, அது இந்த இடத்தில்தான்.

கிங்பின்னில் புஷ் மட்டும் மாற்றினால், தேய்ந்த பழைய பின் புது புஷ்ஷைச் சீக்கிரமே தின்றுவிடும். பின், புஷ், எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம் என்று முழு செட்டாகப் போடுங்கள். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையை அளவாகச் சீவும் கருவி) போட்டார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தனித்தனியாகப் போட்டால் பின் இறுகி, திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அச்சில் பின் உட்காரும் துளையே தேய்ந்திருந்தால் சிலர் தகடு வைப்பார்கள், சிலர் வெல்டிங் நிரப்புவார்கள். இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். அது அடித்து உருவாக்கி, பதம் போட்ட இரும்பு. வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு, பிறகு லோடில் விரிசல் விடும். லேத்தில் கொடுத்து அளவாக ஸ்லீவ் (துளைக்குள் இறுக்கும் உறை) போட முடியுமா என்று கேளுங்கள், முடியாதென்றால் நல்ல அச்சாகப் பார்த்து மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) பார்த்துவிடுங்கள். முதல் லோடு இறக்கிய பிறகு யூ போல்ட்டை இன்னொரு முறை இறுக்க வேண்டும், புதுப் பட்டை அதற்குள் ஒன்றோடொன்று படிந்து கொஞ்சம் தளர்வு கொடுத்திருக்கும்.